நிம்ஹான்ஸில் எனக்கு வழி காட்டியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பெங்களூரு நிம்ஹான்ஸில் (தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம்) மருத்துவ உளவியல் எம்.ஃபில். முடித்துவிட்டேன். ஊருக்குக் கிளம்பும் முன் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். நான் பார்த்தே இராத ஒருவரிலிருந்து தொடங்குகிறேன்.

1954-இல் இங்கே அகில இந்திய மனநல நிறுவனம் அமைந்தபோது அதன் முதல் இயக்குநர் டாக்டர் எம்.வி. கோவிந்தசாமி. அடுத்த ஆண்டே உளவியல் எம்.ஏ. படித்தவர்களுக்கு ஒரு டிப்ளமோ வந்தது. கல்கத்தாவில் 1916-லும் மைசூரில் 1924-லும் பல்கலைக்கழக உளவியல் துறைகள் தொடங்கிவிட்டன, சரி. ஆனால் மருத்துவம் படிக்காதவர்களை வார்டுக்குள் விட்டு, நோயாளி பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குவது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. அப்புறம் அந்த டிப்ளமோ எம்.ஃபில். ஆனது. 1974-இல் பக்கத்து அரசு மனநல மருத்துவமனையோடு இணைந்து நிம்ஹான்ஸ், 1994-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். படிப்பு மட்டும் இன்றும் வார்டில்தான் நடக்கிறது.

அந்த வார்டில் எனக்கு முதல் வாத்தியார் ஓர் ஆயாம்மா. பாட்டியா நுண்ணறிவுச் சோதனைக்காகக் கட்டைகளைப் பரப்பி, ஸ்டாப்வாட்சோடு காத்திருந்தேன். எதிரே இருந்தவர் கைகளை மடியிலிருந்து எடுக்கவேயில்லை. "காப்பி வர்ற நேரம்மா, குடிச்சிட்டு வரட்டும்" என்றார் ஆயாம்மா, பாதி தமிழ், பாதி கன்னடத்தில். குடித்துவிட்டு வந்தவர், நான் சொன்னதும் அடுக்க ஆரம்பித்துவிட்டார். சோதனைக் கையேட்டில் காப்பி பற்றி ஒரு வரியும் கிடையாது!

நோயாளிகளோடு தங்கியிருந்த குடும்பத்தாருக்குத்தான் பெரிய கடன். டாக்டரிடம் ஒரு முறை, சமூகப் பணியாளரிடம் ஒரு முறை சொன்ன கதையை, கத்துக்குட்டியான என்னிடமும் முதலிலிருந்து சொன்னார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து அம்மாக்கள் தமிழில் பேசும்போது எனக்கே தெம்பு வரும். நான் எழுதிய கேஸ் வரலாறுகளை வரி வரியாகத் திருத்தி, "அவங்க சொன்னதை எழுது, நீ நினைச்சதை அப்புறம் எழுது" என்று திருப்பிக் கொடுத்த ஆசிரியர்களுக்கும் நன்றி.

"நித்தெ சென்னாகி பருத்தா?" (தூக்கம் நன்றாக வருகிறதா?) என்று தொடங்கி, நர்ஸ் அக்காக்கள் சொல்லித்தந்த கன்னடக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதை விடுதியிலேயே விட்டுவிட்டு வருகிறேன். அடுத்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளட்டும்.

நன்றியுடன்,
முன்னாள் மாணவி