மூன்றாம் நாள் வரவேண்டிய களைக்கொல்லி

எங்கள் வட்டாரத்து வேளாண் அலுவலர்களுக்கு,

வணக்கம். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல்லை விதைக்கும் புழுதி விதைப்பைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாற்று நட்ட வயலில் தேங்கும் தண்ணீரே பெரும்பாலான களையை முளைக்கவிடாமல் அமுக்கிவிடும்; காரைக்குடியைச் சுற்றியுள்ள எங்கள் செய்களுக்குக் கண்மாய் பெருகும் வரை அந்தக் காவல் இல்லாததால், புரட்டாசி மழையில் நெல்லும் களையும் ஒன்றாகவே தலைகாட்டுகின்றன. குதிரைவாலிப் புல்லும் கோரையும் குறைந்த ஈரத்திலும் வெயிலிலும் நெல்லை முந்தி வளரக்கூடியவை.

அதனால்தான் மண் நனைந்த மூன்று நாளுக்குள் ஏக்கருக்கு 1.3 லிட்டர் பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கச் சொல்கிறீர்கள். நல்ல அறிவுரை. அந்த மருந்து முளைவிடும் விதையின் வேரிலும் குருத்திலும் செல் பிரிவதைத் தடுக்குமே தவிர, இலைவிட்டு நிற்கும் களையை ஒன்றும் செய்யாது. மானிய விலையில் நீங்கள் தந்த பாட்டில் என் கைக்கு வந்தது 18-ஆம் நாள்.

அதன்பின் கைக்களைதான். இளம் குதிரைவாலியும் நெல்லும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். இலை தண்டோடு சேருமிடத்தில் நெல்லுக்கு நாக்குப்போல ஒரு மெல்லிய சவ்வு உண்டு, புல்லுக்கு அது கிடையாது. ஆள் கிடைக்காத ஐப்பசியில், கண் மங்கிய என் அக்கா ஒவ்வொரு தூராகக் குனிந்து, அந்தச் சவ்வை விரலால் தடவிப் பார்த்தே புல்லைப் பிடுங்கினார். பொழுது சாயும்போது நான்கு சென்ட் கூட முடிந்திருக்கவில்லை. மறுநாள் அவரால் நிமிர முடியவில்லை.

கோரைக்கு இந்த மருந்து உதவாது என்பதை அறிவேன். ஆனால் புல்லாவது குறைந்திருந்தால் கோரையைக் கவனிக்கக் கை மிஞ்சியிருக்கும். பிடுங்கினால் இலைதான் வருகிறது. மண்ணுக்குள் சங்கிலியாய்க் கோத்திருக்கும் கிழங்குகளில் ஒன்றை அறுத்தால் அடுத்தது முளைக்கிறது. குளியல் பொடிக்கு மணம் தரும் அதே கிழங்கின் சாறு, பிற பயிர்களின் விதை முளைப்பைத் தடுக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. தையில் அறுத்துவிட்டு உளுந்து விதைக்க நினைக்கும் எனக்கு அந்த மணத்தில் நாட்டமில்லை.

மருந்து மூன்றாம் நாளுக்குள் வேண்டும் என்பதே என் கோரிக்கை. பாட்டிலைத் தந்தபோது படம் மட்டும் தவறாமல் எடுத்துக்கொண்டீர்கள். அதில் எனக்குப் பின்னால் பசுமையாகத் தெரிவது நெல் என்று மேலிடத்தில் நம்பியிருப்பார்கள், முக்கால்வாசி குதிரைவாலி. மழை தேதி சொல்லிவிட்டு வருவதில்லை என்பது உண்மைதான், ஆனால் புரட்டாசிக்கு முன் ஆவணி வரும் என்பது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. அடுத்த ஆண்டு ஆவணி முடிவதற்குள், விதைக்கும் முன்பே, களைக்கொல்லி எங்கள் வீடுகளில் இருக்குமாறு ஆவன செய்யப் பணிவுடன் வேண்டுகிறேன். நீங்கள் தந்த பாட்டில் மூடி திறக்கப்படாமல் பரணில் இருக்கிறது. திரும்பப் பெறும் வழக்கம் உண்டென்றால் தெரிவியுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
புழுதி விதைப்பு விவசாயி ஒருவர்