பத்து நிமிடக் காற்றுக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும்

இந்திய வானிலை ஆய்வுத் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

வடக்கு வங்காளத்தில் வேலை பார்க்கும் தமிழன் நான். 2024 மார்ச் 31, ஞாயிறு பிற்பகலில் ஜல்பாய்குரியிலும் மைனாகுரி பக்கத்துக் கிராமங்களிலும் சுழற்காற்று (டொர்னாடோ) அடித்தது. பத்து நிமிடம் இருக்கும், அவ்வளவுதான். குறைந்தது நான்கு உயிர் போயிற்று, நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காயம்.

சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஒரு பாக்கு மரத்தில் கூரைத் தகரம் ஒன்று ஈரத்துணி போலச் சுற்றிக்கொண்டு நின்றது. கையால் இழுத்தேன், அசையவே இல்லை. அது ஓர் ஆள் மேல் பட்டிருந்தால்? அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. அங்கே கூரை மட்டுமல்ல, பல வீடுகளுக்குச் சுவரும் தகரம்தான்.

கடலில் புயல் உருவானால் நாள் கணக்கில் பின்தொடர்ந்து, எங்கே கரை கடக்கும் என்று சொல்லிவிடுகிறீர்கள். அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். நான் கேட்பது நிலத்திலேயே பிறக்கிற காற்றைப் பற்றி. பங்குனி, சித்திரையில் கீழே வங்கக்கடலின் ஈரக்காற்று, அதற்கு மேலே மேற்கிலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்று. இரண்டும் சேர்ந்தால் கால்பைசாகி என்கிற இடிப்புயல். அதில் எப்போதாவது ஒன்று சுழல ஆரம்பித்துவிடுகிறது. 2009-ல் ஒடிசாவின் ராஜ்கனிகாவில் நடந்தது. எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தின் மானிக்கஞ்சில் 1989 ஏப்ரல் 26 அன்று சுமார் 1,300 பேர் இறந்தார்கள். உலகில் பதிவான சுழற்காற்றுகளில் இவ்வளவு உயிர்களை வேறு எதுவும் வாங்கவில்லை.

மூன்று மணி நேரத்துக்கு, மாவட்டம் முழுவதற்கும் 'இடி, மின்னல், பலத்த காற்று' என்கிறது உங்கள் குறுகிய நேர அறிவிப்பு. உருளைக்கிழங்கு தோண்டுகிறவருக்கு அது அந்தப் பருவத்தில் தினமும் கேட்கிற செய்தி. அமெரிக்காவில் ரேடாரில் சுழற்சி தெரிந்ததும் அது போகும் பாதையில் உள்ள ஊர்களுக்கு மட்டும் தனி எச்சரிக்கை போகிறது. கிடைப்பது பல நேரம் பத்து நிமிடம்தான். சரி, பத்து நிமிடத்தில் தகர வீட்டை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடலாமே!

2023-ல் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறிய சோதனைச் செய்தி நினைவிருக்கிறது. அந்த வழி இருக்கிறது. அதில் வங்காள மொழியில் இரண்டே வரி போதும்: சுழற்காற்று வருகிறது, தகரத்தை விட்டு விலகிக் கெட்டியான கட்டிடத்துக்குள் போங்கள். அப்புறம், போன் இல்லாத வீடுகளுக்காகக் கோயில், மசூதி ஒலிபெருக்கிகளில் சொல்லவும் மாவட்ட நிர்வாகத்தோடு ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த பங்குனிக்குள் ஜல்பாய்குரி மாவட்டத்திலாவது இதைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
ஜல்பாய்குரியிலிருந்து ஒரு தமிழன்