நாற்பது நிமிஷம்

அன்புள்ள பங்காளிக்கு,

நலம். தைப் பனிக்கு மூட்டுவலிதான் படுத்துகிறது. தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமா?

வியாழக்கிழமை சென்னையில் நீ போட்ட இன்லேண்ட் லெட்டர் திங்கள் மத்தியானம்தான் கைக்கு வந்தது. சனிக்கிழமையே வந்திருக்க வேண்டியது. ஜனவரி 1 முதல் புது ரயில் கால அட்டவணை வந்ததில்லையா, அதில் தபால் பை கொண்டுவரும் நம் விடியற்காலை வண்டி நாற்பது நிமிஷம் தள்ளிப்போய்விட்டது.

பயணிக்கு அது ஒரு டீ குடிக்கிற நேரம். தபால் பைக்கு அப்படியா? ஐந்தேகாலுக்கு வண்டி வந்தவரைக்கும் பை பிரித்து, ஊர்வாரியாகக் கட்டி, ஆறேகால் பஸ்ஸில் ஏற்ற முடிந்தது. இப்போது வண்டி வருவதே ஐந்து ஐம்பத்தைந்துக்கு. கட்டு முடிவதற்குள் பஸ் போய்விடுகிறது. அடுத்த பஸ் பதினொன்றுக்கு. அது சப் ஆபீஸ் போய்ச் சேரும்போது தபால்காரர் பட்டுவாடா பீட்டுக்குப் போயிருப்பார். ஒரு நாள் போச்சு. சனிக்கிழமை என்றால் திங்கள்தான்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அங்கன்வாடி வேலைக்கு நேர்முகக் கடிதம் அப்படித்தான் வந்தது. வரச் சொன்னது திங்கள் காலை பத்து மணிக்கு. கடிதம் வந்தது அன்று மத்தியானம் ஒன்றரைக்கு. உறையைப் பிரித்த கையோடு திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

நாம் செக்‌ஷனில் – தபால் பிரிக்கும் ரயில் பெட்டியில் – ஓடிய காலத்தை நினைத்துப் பார். ஆடுகிற வண்டியில் நின்றபடியே பிரித்து, அரக்கு உருக்கி சீல் வைத்து, ஊர் வருமுன் கட்டைத் தயாராக வைத்திருப்போம். வண்டி முக்கால் மணி தாமதமானாலும் பிளாட்பாரத்தில் இறக்கி நேரே பஸ்ஸுக்குத் தூக்குவார்கள். 1863-ல் அலகாபாத் – கான்பூர் வண்டியில் தொடங்கிய ஏற்பாடு; 1984-ல் நிறுத்தினார்கள். அன்றைக்குப் பிரிக்கிற வேலையை ஓட்டமே விழுங்கிக்கொண்டது. இப்போது வண்டி நின்ற பிறகுதான் அந்த வேலையே ஆரம்பிக்கிறது.

வண்டி நேரத்தை மாற்ற நம்மால் ஆகாது. பஸ்ஸை முக்கால் மணி தள்ளலாமே? ஜனவரி 26 கிராம சபையில் எழுந்து கேட்டேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். உன் டிரங்குப் பெட்டியில் பழைய டியூ மெயில் லிஸ்ட், எந்தப் பை எதில் வரும் எதில் போகும் என்கிற பட்டியல், கிடக்குமே, அனுப்பு. எந்த வண்டிக்கு எந்தப் பஸ் என்று அன்று எப்படி இணைத்திருந்தார்கள் என்பதைக் காட்டியே மனு எழுதுகிறேன்.

அதை வியாழக்கிழமை போடாதே. திங்களோ செவ்வாயோ போடு.

அன்புடன்,
உன் பழைய செட்டுக்காரன்