ஃபிரிட்ஸ் போலார்டு நினைவுப் பலகை: இன்னும் 4,650 டாலர் தேவை

ஒஹாயோ மாநில ஆக்ரன் நகர மக்களுக்கும் வெளியூர் வாழ் ஆக்ரன்காரர்களுக்கும், நினைவுப் பலகைக் குழுவின் வணக்கம்.

அக்டோபர் 20-க்குள் அடித்தளக் கான்கிரீட் போட்டாக வேண்டும். உறைபனி தொடங்கிவிட்டால் கான்கிரீட் இறுகாது. அடுத்த வசந்தம் வரை காத்திருக்க வேண்டியதுதான். இது ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப்போன வேலை.

யாருக்காக இந்தப் பலகை என்று இளையவர்கள் கேட்கிறார்கள். இன்று என்.எஃப்.எல். எனப்படும் அமெரிக்கக் கால்பந்து லீக் 1920 செப்டம்பரில் பக்கத்து ஊரான கேன்டனில், ஒரு கார் விற்பனைக் கூடத்தில் உருவானது. அதன் முதல் சாம்பியன் நம் ஆக்ரன் புரோஸ் அணி. 8 வெற்றி, 3 சமநிலை, தோல்வியே கிடையாது. அந்தப் பருவம் முழுவதும் எதிரணிகள் எடுத்தது மொத்தம் 7 புள்ளி! அணியின் நட்சத்திரம், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஹாஃப்பேக் ஃபிரிட்ஸ் போலார்டு. 5 அடி 9 அங்குலம், 165 பவுண்டுதான். 1894-இல் சிகாகோவில் முடிதிருத்துநர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். 1916 புத்தாண்டு அன்று ரோஸ் பவுல் எனும் கல்லூரிக் கால்பந்துப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர்.

கீழே விழுந்தவர் மேல் வேண்டுமென்றே பாய்ந்து மிதிப்பது அன்று சகஜம். அதனால் போலார்டு விழுந்ததும் மல்லாந்து புரண்டு, ஆணிக் காலணியோடு கால்களைச் சைக்கிள் மிதிப்பதுபோல் சுழற்றுவார். பாய வந்தவர்கள் விலகிப் போவார்கள். 1921-இல் எல்ஜி டோபினோடு சேர்ந்து பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்றார். லீக்கின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவரே. அவருக்கு அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரான ஆர்ட் ஷெல் பொறுப்பேற்றது 1989-இல்.

மறைக்க ஒன்றுமில்லை: கறுப்பினத்தவர் என்பதற்காக இதே ஊர் ரசிகர்கள் அவரை ஏசினார்கள். மற்றவர்களோடு உடைமாற்றக்கூட முடியாமல், அணி உரிமையாளர் ஃபிராங்க் நீடின் சுருட்டு வியாபார இடத்தில் மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2005-இல். அவர் 1986-இலேயே, 92 வயதில், காலமாகிவிட்டார். 1920-இன் கோப்பை எங்கே போனதென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவருக்கு நாம் பட்ட கடனில் ஒரு பங்காவது நாம் அடைக்க வேண்டாமா?

செலவு: வெண்கலப் பலகை 6,800 டாலர், கருங்கல் பீடம் 4,200, அடித்தளம் 2,600, ஏற்றி இறக்க 900. மொத்தம் 14,500. கையில் இருப்பது 9,850.

அடித்தளத்துக்கு இவ்வளவா என்கிறார்கள். ஈர மண் உறையும்போது உப்பி, மேலே நிற்பதைத் தூக்கிவிடும். இரண்டு குளிர்காலத்தில் பீடம் சாய்ந்துவிடும். அதனால் மூன்றடிக்கும் கீழே தோண்டி, ஆறு அங்குலம் சரளை பரப்பி, அதன் மேல்தான் கான்கிரீட். மலிவான இரும்புப் போல்ட்டும் ஆகாது. வெண்கலத்தோடு சேர்ந்தால் அது வேகமாகத் துருப்பிடித்துக் கல்லில் வழியும். துருப்பிடிக்காத எஃகுதான் போட வேண்டும். எழுத்து கால் அங்குலத்துக்குக் குறைந்தால் வார்ப்பு மணலில் முனை மழுங்கிவிடும். ஆகவே வாசகத்தைச் சுருக்கியிருக்கிறோம். நன்கொடையாளர் பெயர்கள் பலகையில் வராது, கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கும்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஓய்வூதியத்தில் மாதாமாதம் ஒதுக்கித் தந்த டயர் ஆலைத் தொழிலாளர்கள், ஞாயிறு ஆராதனைக்குப் பின் பை (pie) பலகாரம் விற்றுக் காசு சேர்த்த சபைப் பெண்கள், கல்லாப் பக்கத்தில் உண்டியல் வைத்த முடிதிருத்தும் கடைக்காரர்கள், பள்ளிக் கால்பந்துப் பிள்ளைகள், பெயர் வேண்டாமென்று உறையைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள், எல்லோரையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. ஒவ்வொரு ஞாயிறும் உங்களுக்காக ஜெபிக்கிறோம்.

தருகிறேன் என்று சொல்லிவிட்டு இன்னும் தராதவர்களும் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டோம். பட்டியல் எங்களிடம் உண்டு.

காசோலை, ரொக்கம் இரண்டும் ஏற்போம். ரொக்கத்துக்குக் கையோடு ரசீது. ஐந்து டாலரும் பணம்தான். வார்ப்பகத்துக்குப் பாதித் தொகையை முன்பணமாகக் கட்டினால்தான் அச்சு எடுப்பார்கள்; அதற்குக் கடைசி நாள் அக்டோபர் 10. பணம் மிஞ்சினால் ஆண்டுக்கொருமுறை பலகைக்கு மெழுகு பூசச் செலவாகும், ஏனெனில் சாலையில் தூவும் உப்பு வெண்கலத்தைத் தின்றுவிடும்.