கவுன்சிலர் அம்மாவுக்கு, குழுவிலிருந்து நீக்கப்பட்டவன் எழுதுவது

வணக்கம் அம்மா.

2022 தேர்தலுக்கு மனு போட்ட சமயத்தில் நீங்கள் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? மெஷின் சூடாகி நடுவில் நின்றுவிட்டது. சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, "பரவால்லண்ணா, பொறுமையா எடுங்க" என்றீர்கள். சொத்து விவரப் பக்கம் வெளியே வந்தபோது எத்தனை பவுன், பேங்கில் எவ்வளவு என்பதெல்லாம் கண்ணில் பட்டது. அடுத்தவர் கணக்கைப் பார்க்கக் கூடாது என்று காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது. ஊர் பார்ப்பதற்காகத்தானே அதை எழுதித் தரச் சொல்கிறார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. விடிகாலை ஐந்தரைக்கு எங்கள் தெருவில் தண்ணீர் வந்தது. அடி பம்பில் நாலு அடி அடித்ததுமே நாற்றம். குடத்தில் விழுந்தது டீ நிறம், மேலே நுரை. என் மனைவி குடத்தைச் சாய்த்துக் கொட்டினாள், அடியில் கறுப்பாகக் கசடு. 40 வினாடி வீடியோ எடுத்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "சாக்கடை கலந்து வருது. இன்னியோட மூணு நாள். எப்ப சரி ஆகும்?" என்று மட்டும் எழுதினேன். கட்சிப் பெயர் இல்லை, திட்டு இல்லை. அதற்கு மேலே ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங் படம், கீழே உங்கள் திருமண நாளுக்கு வரிசையாக வாழ்த்து. நடுவில் எங்கள் வீட்டுக் குடம்.

ஏழு மணிக்கு போன் வந்தது. பேசியது நீங்கள் இல்லை, உங்கள் வீட்டுக்காரர். "அண்ணா, அதை டெலிட் பண்ணிடுங்க. அந்தக் கட்சிக்காரன் எடுத்துப் போட்டான்னா நமக்கு அசிங்கம்." நான் டெலிட் செய்யவில்லை. ஏழே காலுக்கு நான் குழுவில் இல்லை. மறுநாள் முதல் அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மதியம் ஒரு தம்பி வந்து இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்தான். போகும்போது, "சைபர் கிரைம்ல கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறாங்கண்ணா, பாத்துக்கங்க" என்றான். நாலு ரூபாயையும் கொடுக்கவில்லை.

அந்தத் தம்பிக்கு வயது இருபதுக்குள் இருக்கும், தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. போட்ட பதிவு யாருக்காவது எரிச்சலூட்டினால்கூடப் பிடித்துப் போடலாம், மூன்று ஆண்டு வரை சிறை. 2012ல் புதுச்சேரியில் ஒருவரை ஒரு ட்வீட்டுக்காகவே கைது செய்தார்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. அப்படியும் போலீஸ் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்ததால், 2022ல் அந்த வழக்குகளைக் கைவிடுங்கள் என்று மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. செத்துப்போன பிரிவு. ஆனால் அந்தத் தம்பி வந்துபோன பிறகு என் மனைவி போனை வாங்கி வீடியோவை அழிக்கப் பார்த்தாள். பிரிவு செத்தால் என்ன, எங்கள் வீட்டுக்குள் அது இன்னும் நடமாடுகிறது.

"யாராவது எதையாவது போட்டா அட்மின் மேலதான் கேஸ் வரும்" என்று உங்கள் வீட்டுக்காரர் டீக்கடையில் சொன்னாராம். வராது. உறுப்பினர் போடும் பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021ல் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் 2022ல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. வேண்டுமானால் அந்தச் செய்தியை ஜெராக்ஸ் போட்டு இலவசமாகவே தருகிறேன்.

இன்னொன்று. அவர் எதற்கு அட்மின்? உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் போட்டது, போர்டில் மனைவி பெயரும் போனில் கணவர் குரலும் இருப்பதற்கா? நாங்கள் ஓட்டுப் போட்டது உங்களுக்கு. அதற்கு முன்னால் 2016 அக்டோபரிலிருந்து ஐந்து வருடத்துக்கு மேல் இந்த ஊரில் கவுன்சிலர் என்று ஒருவருமே இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட யாரிடம் போவது என்று தெரியாமல் மாநகராட்சிப் புகார் நம்பரான 1913க்கு போன் போட்டுக்கொண்டிருந்தோம். மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை திறந்ததும் 1913ல்தான், அந்த வருடத்தையே நம்பராக வைத்தார்களோ என்னவோ.

"காசு வாங்கிட்டுத்தானே ஓட்டுப் போட்டாங்க" என்று அங்கே வேறு யாரோ சிரித்தார்களாம். எங்கள் ஆர்.கே. நகர் என்றாலே அந்தச் சிரிப்பு வந்துவிடுகிறது. 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடாவுக்காக இடைத்தேர்தலையே ரத்து செய்த தொகுதி. வாங்கியவர் வெட்கப்படட்டும், கொடுத்தவர் சிரிப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

உங்கள் மேல் எனக்குக் காழ்ப்பு இல்லை அம்மா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட்டோடு எங்கள் தெருவுக்கு வந்தீர்கள். அந்தப் படத்தைக் குழுவில் போட்டவன் நான்தான். அன்றைக்கு யாரும் டெலிட் பண்ணச் சொல்லவில்லை.

எங்களைப் பற்றி உங்கள் ஆட்களிடம் இல்லாத விவரம் இல்லை. ஆதார் நகல், வாக்காளர் எண், போன் நம்பர், எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்பது வரை. பாதி என் மெஷினில் எடுத்ததுதான். நாங்கள் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். அதிலும் 2023ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் கை வைத்துவிட்டது. தனிநபர் விவரமாக இருந்தாலும் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்று தகவல் உரிமைச் சட்டம் 8வது பிரிவின் தனிநபர் விவர உட்பிரிவில் இருந்த வரியை எடுத்துவிட்டார்கள். பொதுநலனைக் காட்டிக் கேட்க வேறு உட்பிரிவு மிச்சம் இருக்கிறது. ஆனால் கொடுக்க மனமில்லாத அதிகாரி எதைப் பிடித்துக்கொள்வார் என்று மனு எழுதிக் கொடுக்கும் எனக்குத் தெரியும்.

என் அப்பா பெரம்பூர் மில் தொழிலாளி. 1918லேயே சங்கம் கட்டிய பேட்டை என்று பெருமையடித்துக்கொள்வார். சின்ன வயதில் தெருமுனைக் கூட்டத்துக்குத் தோளில் தூக்கிப் போவார். கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு கைமாறிக் கைமாறி மேடைக்குப் போகும். பேச்சாளர் அதை மைக்கில் படித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். சில சீட்டு வில்லங்கமாக இருக்கும், கூட்டம் கைதட்டும், அவரும் சிரிப்பார். சீட்டு எழுதியவனை யாரும் கூட்டத்தை விட்டு வெளியே அனுப்பி நான் பார்த்ததில்லை.

என்னை மறுபடி குழுவில் சேருங்கள் என்று கேட்கவில்லை. வார்டு மக்கள் நேரில் குறை சொல்லும் ஏரியா சபையைக் கூட்டுங்கள். 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த அப்படியொரு கூட்டத்துக்கு அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலினே போய் உட்கார்ந்தார். உங்களுக்குக் கல்யாண மண்டபமெல்லாம் வேண்டாம், எங்கள் தெரு பம்பு பக்கத்தில் நாலு நாற்காலி போதும். தண்ணீர் விடுகிற துறை வேறு என்று சொல்வீர்கள், தெரியும். அந்தத் துறை அதிகாரியையும் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டுக்காரரும் வரட்டும், எங்களோடு கீழே உட்காரட்டும்.

அன்று பிடித்த தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் ஊற்றி மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் "என்னண்ணா, டீயா?" என்கிறார்கள். கசடு இப்போது நன்றாக அடியில் இறங்கிவிட்டது. கடை ஒன்பது மணிக்குத் திறக்கும். அதே ஸ்டூல்தான், ஒரு கால் மட்டும் கொஞ்சம் ஆடும். பார்த்து உட்காருங்கள்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை அண்ணன்,
வடசென்னை