மேடையில் சொல்ல விட்டுப்போன நன்றி

எங்கள் ஊர் அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

மார்ச் 8-ஆம் தேதி பள்ளிக்கூட வளாகத்தில் நடந்த மகளிர் தின விழாவில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் பேச நேரம் இருந்தது. பேச வந்த நானும் பாதியிலேயே குரல் கம்மி உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இந்த மடல். திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் பக்கத்து ஊர்க்காரர்களும், வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் பீடிக்கடைத் தெருச் சித்திக்கு.

சித்தி, உங்கள் வீட்டுத் திண்ணையில்தான் நாங்கள் பதினோரு பிள்ளைகள் சாயங்காலம் படித்தோம். நீங்கள் மடியில் சுளகை வைத்து, இலையில் தூளைப் போட்டு உருட்டிக்கொண்டே இருப்பீர்கள். கண் சுளகில் இருக்கும், காது எங்களிடம் இருக்கும். யாராவது "ஏழெட்டு ஐம்பத்தெட்டு" என்று சொல்லிவிட்டால் உங்கள் கை நிற்கும். ஒரு வார்த்தை பேச மாட்டீர்கள். கை நின்றாலே எங்களுக்குத் தப்பு தெரிந்துவிடும். சரியாகச் சொன்ன பிறகுதான் அடுத்த இலையை எடுப்பீர்கள்.

ஆயிரம் பீடி முடிந்தால்தான் அன்றைய கூலி. வீட்டில் பெண்பிள்ளை இருந்தால் முனை மடக்க உட்கார வைப்பது அன்றைக்கு வழக்கம். பரீட்சைக்கு முந்தின நாள் என் அம்மா சுளகை என் பக்கம் நகர்த்தியபோது நீங்கள் வாசலில் நின்றீர்கள். "ஏட்டி, எந்திரி. போய்ப் படி. உங்க அம்மைக்கு நான் மடக்கிக் குடுக்கேன்" என்றீர்கள். அன்றைக்கு உங்கள் ஆயிரத்தில் எவ்வளவு குறைந்தது என்று இதுவரை நான் கேட்டதில்லை. மேடையில் அதைத்தான் சொல்ல நினைத்தேன், முடியவில்லை.

நீங்களே அதுவரை கைநாட்டுத்தான். 1990-களில் அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்துக்கு வந்தபோது எழுத்துக் கூட்டப் படித்தீர்கள். படித்ததும் முதலில் எடுத்தது பீடி பாஸ்புக். உங்கள் கணக்கில் பல வாரம் குறைத்து எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தீர்கள். அப்புறம் தெருவில் எல்லார் பாஸ்புக்கையும் வாங்கி வாசிக்க ஆரம்பித்தீர்கள். நம் பெண்களில் பல பேர் அடுத்தவர் பெயரில் பீடி சுற்றினார்கள். தன் பெயரில் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இல்லாததால் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கேட்க வழியில்லாமல் இருந்தது. பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது 1976-இல். பீடி மீது வசூலித்த தீர்வையில் சேர்ந்த அந்த நிதியிலிருந்துதான் உதவித்தொகை. நாம் சுற்றிய பீடியிலிருந்து வந்த பணம் நம் பிள்ளைகளுக்கே கிடைக்காமல் போவதை உங்களால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொருத்தியாகக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அலைந்து அட்டை வாங்கித் தந்தீர்கள். எனக்கு வந்த உதவித்தொகையில்தான் பிளஸ் டூ புத்தகங்கள் வாங்கினேன்.

அடுத்து எங்கள் பெரிய டீச்சர். பெண் சமைந்துவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்பதால், ஒரு சடங்கு வீட்டையும் நீங்கள் தவறவிட்டதில்லை. மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது பெண்ணின் அப்பாவிடம், "திங்கக்கிழமை பிள்ளை வந்துரணும் அண்ணாச்சி" என்று மட்டும் சொல்வீர்கள். சாப்பிட்ட வீட்டில் கேட்டதை யாரும் மறுக்க முடியவில்லை. நீங்கள் இருந்த காலத்தில் எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணும் நிற்கவில்லை.

சிறப்பு விருந்தினர் பாளையங்கோட்டையைப் பற்றிப் பேசினார். 1785-இல் அங்கே கிறிஸ்தவக் கோயில் கட்டிய குளோரிந்தா அம்மாள் பள்ளிக்கூடமும் நடத்தியதைச் சொன்னார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத இங்கிலாந்துப் பெண் சாரா டக்கர் பெயரில் 1895-இல் பெண்கள் கல்லூரி எழுந்ததையும், பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாத பிள்ளைகளுக்கு ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சனும் பள்ளி தொடங்கியதையும் சொன்னார். கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது. அந்தப் பெயர்களுக்கெல்லாம் கல்வெட்டு இருக்கிறது. சித்தியின் திண்ணைக்கு இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நூலகத்து அக்காவுக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஆறு ஊருக்குள் வந்தது. கீழ் இரண்டு அடுக்குப் புத்தகங்கள் சேறாகிவிட்டன. உங்கள் வீட்டிலும் முழங்கால் தண்ணீர். ஆனாலும் தண்ணீர் வடிந்த மறுநாளே மகளிர் குழு அக்காமாரைக் கூட்டி வந்து, புத்தகங்களை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டீர்கள். வெயிலில் வைத்தால் தாள் சுருண்டுபோகும் என்று நிழலில் கயிறு கட்டித் தொங்கவிட்டீர்கள். இரண்டிரண்டு தாளுக்கு நடுவில் பழைய செய்தித்தாள். அது ஈரத்தைக் குடித்ததும் எடுத்துவிட்டு வேறு தாள். அந்த வாரம் நானும் லீவு போட்டு வந்து தாள் மாற்றினேன். பொதுத்தேர்வு வழிகாட்டிகளை முதலில் காயவைக்கச் சொன்னீர்கள். "கதைப் புஸ்தகம் காத்திருக்கும், பரீட்சை காத்திருக்காது" என்றீர்கள். இன்றைக்கும் அந்த வழிகாட்டிகளைத் திறந்தால் செம்மண் வாசம் வருகிறது. பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள்.

சத்துணவு அம்மாவுக்கும் கம்ப்யூட்டர் சென்டர் தங்கச்சிக்கும் சுருக்கமாகத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மா, வீட்டில் அடுப்பு எரியாத பிள்ளை யார் என்று கேட்காமலே உங்களுக்குத் தெரியும். கரண்டி அந்தத் தட்டில் கொஞ்சம் நிறையவே இறங்கும். தங்கச்சி, ஆதாரில் ஒரு இனிஷியல், மதிப்பெண் பட்டியலில் வேறு இனிஷியல் என்று வந்த பிள்ளைகளுக்கெல்லாம் காசு வாங்காமல் புதுமைப் பெண் விண்ணப்பம் சரிசெய்து கொடுத்தாய். மாதம் 1000 ரூபாய் அவர்களுக்குப் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகிறது.

பந்தல், நாற்காலி, மைக் செட் தந்த எல்லாருக்கும், மழை வருமோ என்று பயந்து கீற்று வேய்ந்து கொடுத்த அண்ணன்மாருக்கும் நன்றி.

சித்தி, உங்கள் பொன்னாடையை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். பத்திரமாக என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வருகிறேன். திண்ணையில் உட்கார்ந்திருங்கள், என் மகளையும் கூட்டி வருகிறேன். எட்டாம் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
திண்ணையில் படித்த பதினோரு பேரில் ஒருத்தி