பதினைந்தாவது பந்தும் வெள்ளைப் பந்தும்: போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளப் போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம். கடந்த கிறிஸ்துமஸ் விடுமுறையில் நம் கிளப் நடத்திய ஸ்ட்ரெயிட் பூல் (பதினைந்து எண் பந்துகளை வெள்ளைப் பந்தால் அடித்துப் பாக்கெட்டில் இறக்கும் மேசை ஆட்டம்; பதினான்கு விழுந்ததும் அவற்றை மறுபடி அடுக்கி, மிஞ்சிய ஒன்றோடு தொடர்வார்கள்) போட்டியின் அரையிறுதியில் வென்றதாக அறிவிக்கப்பட்டவன் நான். அந்த வெற்றி நடுவரின் பிழையால் என் கைக்கு வந்தது என்பதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்; விதியைச் சரிபார்த்து உறுதிசெய்ய எனக்குச் சில நாள்கள் ஆயின.

எதிரே ஆடியவர் திற்பரப்புப் பக்கத்திலிருந்து வரும் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. காலை வேலையை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் நாகர்கோவில் வந்து ஆடுபவர். 75 புள்ளி ஆட்டத்தில் அவர் பதினான்காவது பந்தைப் பாக்கெட்டில் இறக்கியபோது கணக்கு அவர் 46, நான் 39 என்றானது. மேசையில் மிஞ்சியது மஞ்சள் கோடு போட்ட ஒன்பதாம் எண் பந்து ஒன்றே. நடுவர் பந்துகளை அடுக்கும் முக்கோணச் சட்டத்தை இறக்கப் பார்த்தார். ஒன்பது சட்டத்தின் விளிம்புக்குள் பாதி நுழைந்து நின்றதால் சட்டம் படியவில்லை. வெள்ளைப் பந்தோ நடுப் பாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, எவருக்கும் இடைஞ்சலின்றி நின்றது. நடுவர் ஒன்பதையும் சேர்த்துப் பதினைந்தையும் அடுக்கி, வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்துக் கொடுத்து, தலைக்கோட்டுக்குப் (அடுக்குக்கு எதிர்ப்பக்கத்தில் மேசையின் குறுக்கே போகும் கோடு) பின்னிருந்து பிரேக் செய்யச் சொன்னார், அதாவது அடுக்கைக் கலைக்கும் அடியை அடிக்கச் சொன்னார். அவர் அடித்த அடியில் ஒரே ஒரு பந்து குஷனை, அதாவது மேசையின் ஓரத் திண்டை, தொட்டது. பிரேக் ஃபவுல் (பிரேக்கில் விதிமீறல்) என்று 2 புள்ளி குறைக்கப்பட்டது. கலைந்து கிடந்த மேசை எனக்கு வந்தது. மீதியை நீங்கள் அறிவீர்கள்.

அங்கே நடந்தது ஒரு பிழை அல்ல, இரண்டு.

சட்டத்தின் வரம்புக்குள் ஒரு பந்து நிற்கிறதா என்ற கேள்வியைப் பதினைந்தாவது பந்துக்கும் வெள்ளைப் பந்துக்கும் தனித்தனியே கேட்க வேண்டும் என்பதுதான் விதி. அப்படிக் கேட்காததே முதல் பிழை. எந்தப் பந்து உள்ளே நிற்கிறதோ அது மட்டுமே நகரும். அன்று உள்ளே நின்றது ஒன்பது மட்டும். ஆகவே அது ஹெட் ஸ்பாட்டுக்கு (தலைக்கோட்டின் நடுப்புள்ளி) போயிருக்க வேண்டும், மற்றப் பதினான்கு பந்துகள் முக்கோணத்தின் முனையிடம் காலியாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும், வெள்ளைப் பந்து நின்ற இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். ஹெட் ஸ்பாட்டில் வெள்ளைப் பந்தே நின்றிருந்தால்தான் ஒன்பதை மேசையின் மையப் புள்ளியில் வைப்பார்கள். அன்று அவர் ஒன்பதை மேல்மூலைப் பாக்கெட்டில் வெட்டி இறக்கிவிட்டு, குஷனில் பட்டுத் திரும்பும் வெள்ளைப் பந்தை அடுக்கின் மேல் விட்டிருக்கலாம். எளிய அடி அல்ல. ஆனாலும் அது அவருடைய அடி.

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. இரண்டு பந்துகளும் வரம்புக்குள் நின்றிருந்தால் மட்டுமே பதினைந்தையும் அடுக்கி வெள்ளைப் பந்தைத் தலைக்கோட்டுக்குப் பின்னால் கையில் தருவார்கள். அப்போதும்கூட, இறக்குவதாக முன்கூட்டிச் சொன்ன பந்து விழாவிட்டால் வெள்ளைப் பந்தோடு வேறு இரண்டு பந்துகளும் குஷனைத் தொட வேண்டும் என்ற நிபந்தனை வராது. அது ஆட்டத்தின் தொடக்க பிரேக்குக்கும், தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்து 15 புள்ளி கூடுதலாக இழந்தவர் செய்யும் பிரேக்குக்கும் உரியது. நடு ஆட்டத்தில் ஒரு பந்து குஷனைத் தொட்டாலே போதும். அவர் அடித்தது முறையான அடி.

வெள்ளைப் பந்து மட்டும் வரம்புக்குள் சிக்கும் நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்தாவது பந்து தலைக்கோட்டுக்கு முன்னால், அடுக்கு இருக்கும் பக்கம் நின்றால் வெள்ளைப் பந்து கோட்டுக்குப் பின்னால் வைத்து அடிக்கக் கையில் கிடைக்கும். பின்னால் நின்றால் அப்படியில்லை, ஹெட் ஸ்பாட்டில் வைக்க வேண்டும். அந்த இடத்தைப் பதினைந்தாவது பந்தே பிடித்திருந்தால் மையப் புள்ளி. காரணம் உண்டு: கையில் பந்து வாங்கியவர் கோட்டுக்குப் பின்னால் நிற்கும் பந்தை நேராக அடிக்க முடியாது.

நடுவரை நான் குறைசொல்ல வரவில்லை. கேரம் பலகை இல்லாத கிளப்பைக் குமரி மாவட்டத்தில் தேடித்தான் காண வேண்டும். அபராதக் காயை நடுவட்டத்தில் வைத்துப் பழகிய கைக்கு, எல்லாவற்றையும் கூட்டி வைத்துப் புதிதாக அடிக்கச் சொல்வது இயல்பாக வரும். ஆனால் இந்த ஆட்டம் பிறந்ததே அந்த வழக்கத்தை விடுவதற்காக. 1910ஆம் ஆண்டு வாக்கில் ஜெரோம் கியோ என்ற அமெரிக்க ஆட்டக்காரர் கடைசிப் பந்தை விட்டுவைத்து மற்றதை அடுக்கும் முறையைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள், இந்த ஆட்டத்துக்கு உள்ள 14.1 என்ற பெயரும் அந்தக் கணக்குதான்: பதினான்கும் ஒன்றும். 1954இல் வில்லி மோஸ்கோனி என்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஒரே தொடரில் 526 பந்துகளை இறக்கினார். ஏறக்குறைய 37 மறுஅடுக்குகள். ஒவ்வொரு அடுக்குக்கும் வெள்ளைப் பந்தை எடுத்துக் கையில் கொடுத்திருந்தால் அந்தத் தொடருக்கு என்ன பொருள்?

என் கோரிக்கைகள் இவை. அந்த அரையிறுதியை 46-39 என்ற நிலையிலிருந்து, அவருடைய முறையாக, மறுபடி நடத்துங்கள். ஒன்பது ஹெட் ஸ்பாட்டில், வெள்ளைப் பந்து நடுப் பாக்கெட்டிலிருந்து ஒரு சாணில். அதற்கு முன் சட்டத்தின் வெளிவரம்பை மேசைத் துணியில் மெல்லிய பென்சில் கோடாக வரைந்துவிடுங்கள். கோடு இருந்தால் பந்து உள்ளேயா வெளியேயா என்ற வாக்குவாதம் சட்டத்தைத் தூக்குவதற்கு முன்பே முடிந்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய அந்தத் துணி இப்போது காய்ந்திருக்கும். வருகிற சனிக்கிழமை மாலை கிளப் சாவி கிடைத்தால் நானே வந்து வரைகிறேன்.

இப்படிக்கு,
அன்று வென்றதாக அறிவிக்கப்பட்ட உறுப்பினன்